வணிக ஆய்வில் அமெரிக்காவின் முதலிடம் போய்விட்டதா?

'வணிகவியல் ஆய்வில் இனி ஆசியாதான் முன்னணி என்கிறார்களே, உண்மையா? காரைக்குடியில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் எனக்கு இதனால் என்ன?' என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாதி உண்மை. டாலஸில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம், 24 வணிக ஆய்வு இதழ்களில் எந்தக் கல்லூரிக்காரர்கள் எத்தனை கட்டுரை எழுதினார்கள் என்று எண்ணிப் பட்டியல் போடுகிறது. அதில் வெகுகாலம் உச்சியில் இருந்தது அமெரிக்காவின் வார்ட்டன் வணிகப் பள்ளி. ஆனால் ஹாங்காங், சிங்கப்பூர், சீனப் பெயர்கள் மளமளவென்று ஏறிவிட்டன. ஹாங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் திறந்ததே 1991-ல்தான். அமெரிக்காவில் பட்டம் முடித்தவர்களை நல்ல சம்பளம் கொடுத்து அழைத்துவந்தார்கள். அதே இதழ்களில் எழுதினால்தான் வேலை நிரந்தரம் என்றார்கள். ஆக, அளக்கிற படி மாறவில்லை, அதில் அளக்கப்படுபவர்கள்தான் கூடியிருக்கிறார்கள்.

எனக்கு வருத்தம் வேறு. நகரத்தாரின், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின், வட்டித் தொழில் பற்றி 1994-ல் விரிவான நூல் எழுதியவர் டேவிட் ரட்னர் என்ற அமெரிக்க மானுடவியலாளர். அந்த உழைப்பை மனதார மதிக்கிறேன். ஊரிலேயே இருக்கிற நாம் அதைப் போதுமான அளவு தொடரவில்லையே!

எங்கள் ஐயா பர்மாவில் ஒரு வட்டிக்கடையில் அடுத்தாளாக, அதாவது உதவியாளராக, இருந்தவர். அவர் பெட்டியில் ஒரு பேரேடு கிடந்தது. மேலே பிள்ளையார் சுழி, கீழே வரிவரியாகத் தமிழ் எண்கள். ௱ என்றால் நூறு, ௲ என்றால் ஆயிரம். இது தெரியாமல் முதல் நாள் ஒரு பக்கம்கூட நகரவில்லை. தெரிந்த பிறகு, யாருக்கு எவ்வளவு, என்ன வட்டிக்கு என்று ஒரு கடையே கண்முன் திறந்துகொண்டது.

ரங்கூனில் நகரத்தார் கோவிலில் கூடி மாதாமாதம் வட்டி விகிதத்தை முடிவு செய்தார்கள். ஒரே தெருவில் போட்டி போட்ட கடைக்காரர்கள் அதற்கு ஏன் கட்டுப்பட்டார்கள்? மீறியவரை என்ன செய்தார்கள்? எந்த நாட்டு இதழும் உட்கார்ந்து படிக்க வேண்டிய கேள்வி இது. விடை தேட வேண்டிய ஏடுகளில் பல நம் வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன.

தலைப்பு இன்னும் முடிவாகவில்லை என்றால் தமிழ் எண்களைப் பழகிக்கொள்ளுங்கள், ஒரு வாரம் போதும். அப்புறம் கணக்குப்பிள்ளையாக இருந்த பெரியவர் ஒருவரைத் தேடிப்பிடித்து, பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் கேளுங்கள். போன மாதம் முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடை ஒன்றில் மூன்று பேரேடுகள் பித்தளைக் குத்துவிளக்குக்கு அடியில் கிடந்தன. ஒன்றை வாங்கிவிட்டேன். மற்ற இரண்டும் இன்னும் அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன், சீக்கிரம் போங்கள்.