மஞ்சள் என்றால் எந்த மஞ்சள்? குழந்தையும் கம்ப்யூட்டரும் சொல் கற்பது பற்றி

குழந்தைகளின் பேச்சு வளர்ச்சி பற்றிப் பல வருடமாகப் பாடம் நடத்துகிறேன். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

கேள்வி (காங்கேயம்): ஏனுங்க, என் பேத்திக்கு ஒன்றரை வயசு. எருமை, வெள்ளாடு எல்லாமே அவளுக்கு ‘மாடு’. திருத்தணுங்களா?

பதில்: வேண்டாங்கம்மா. கையில் இருக்கிற ஒரே சொல்லை நீட்டிப் பார்க்கிறாள். “எருமை எங்கே?” என்று கேளுங்கள்; சரியாகக் கை காட்டினாலும் காட்டுவாள். வாய்க்கு வருமுன்பே புரிந்துவிடுகிற சொற்கள் நிறைய. “தப்பு” என்பதற்குப் பதில், “இது எருமை, கொம்பு எப்படி வளைஞ்சிருக்கு பாரு” என்று அடுத்த சொல்லைக் கொடுங்கள்.

கேள்வி (ஈரோடு): மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். கம்ப்யூட்டருக்குச் சொல்லின் பொருள் எப்படித் தெரிகிறது?

பதில்: உங்கள் மஞ்சளையே எடுத்துக்கொள்வோம். விரலி, கிழங்கு, குவிண்டால், ஏலம் பக்கத்தில் வந்தால் அது சரக்கு. சிவப்பு, பச்சை பக்கத்தில் வந்தால் நிறம். இப்படி அக்கம்பக்கத்தை வைத்துத்தான் கற்கிறது. 2013இல் கூகுளில் உருவான ‘வேர்ட்டுவெக்’ (Word2vec) என்ற மென்பொருள் ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் எண்வரிசை தந்தது. சொல்லுக்கு ஒன்றுதான் என்பதால் சரக்கும் நிறமும் அதில் கலந்துவிடும். பின்னால் வந்தவை வாக்கியத்தைப் பார்த்து எண்களை மாற்றிக்கொள்கின்றன. ஆனால் தீனி ஏராளம் வேண்டும்: 2020இல் வந்த ஜிபிடி-3 என்ற மொழி இயந்திரம் சுமார் 30,000 கோடி சொல்துண்டுகளைப் படித்தது. பத்து வயதுக்குள் ஒரு குழந்தை காதில் வாங்குவது சில கோடிச் சொற்கள்தான். இத்தனை வருடம் கழித்தும் இது எனக்குத் தீராத ஆச்சரியம். குழந்தையின் விரலில் மஞ்சள் ஒட்டியிருக்கிறது. அம்மா எதைப் பார்த்துச் சொல்கிறாள் என்று அவள் கண் போகிற பக்கம் அதுவும் பார்த்திருக்கிறது. எழுத்தை மட்டும் படித்த இயந்திரத்துக்கு அந்த வழி கிடையாது.

கேள்வி (கோபி): ஃபோனில் வீடியோ போட்டுக் காட்டினால் கைக்குழந்தைக்குப் பேச்சு வருமா?

பதில்: அதை நம்பி இருக்காதீர்கள். அமெரிக்க ஆய்வாளர் பாட்ரிசியா குல் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளிடம் ஆட்கள் நேரில் சீன மொழி பேசினார்கள். அந்த மொழியின் ஒலிகளைக் குழந்தைகள் பிடித்துக்கொண்டன. அதையே டிவியில் காட்டியபோது ஏறவில்லை. சோறு ஊட்டும்போது நீங்களே பேசுங்கள்.

கேள்வி (பொள்ளாச்சி): தோப்புக்கு வருகிற பெரியவர் எல்லோரையும் பையன் ‘அப்புச்சி’ (அம்மாவின் அப்பா) என்கிறான்.

பதில்: நரையைப் பார்த்துச் சொல்கிறான். உறவு என்பது கை காட்டக்கூடிய பொருள் இல்லையே, பிடிபடச் சில வருடம் ஆகும். அப்பாரும் அப்புச்சியும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும்போது, “இவர் அப்புச்சி, அம்மாவோட அப்பா; இவர் அப்பாரு, அப்பாவோட அப்பா” என்று சொல்லிக்கொண்டே இருங்கள்.