சுவரின் வளைவுக்கு மரத்தைச் சீவுங்கள்

கேள்வி: சமையலறை அலமாரிகளை நானே பொருத்தினேன். ரசமட்டம் வைத்துப் பார்த்தால் நேராகவே நிற்கின்றன. ஆனால் கடைசி அலமாரிக்கும் ஓரச் சுவருக்கும் நடுவே மேலே ஒரு சென்டிமீட்டர், கீழே இரண்டரை சென்டிமீட்டர் இடைவெளி. பட்டிப் பசை (putty) வைத்து அடைத்துவிடலாமா ஐயா?

பதில்: வேண்டாம் அம்மா. உங்கள் வேலை சரியாகத்தான் இருக்கிறது, கோணியிருப்பது சுவர். அநேகமாக எல்லாச் சுவரும் அப்படித்தான். அத்தனை அகலத்தில் வைத்த பட்டி, கதவு மூடும் அதிர்விலும் மரம் ஈரக்காற்றில் உப்பிச் சுருங்குவதிலும் வெடித்து உதிரும். அதே நிறத்தில் நான்கு சென்டிமீட்டர் அகலமுள்ள பலகைப் பட்டை ஒன்று எடுங்கள். அலமாரிக் கதவைக் கழற்றிவிட்டு, பட்டையின் ஓரம் சுவரைத் தொடும்படி, அலமாரியின் முகப்பில் செங்குத்தாக ஒட்டி நிறுத்துங்கள். பட்டை அலமாரியின் மேல் எவ்வளவு ஏறியிருக்கிறதோ அந்த அளவுக்குக் கவராயத்தை விரியுங்கள். முள் சுவரோடு உரசியபடி மேலிருந்து கீழே இறங்கட்டும்; பென்சில் முனை, சுவரின் மேடு பள்ளத்தை அப்படியே பட்டையில் வரைந்துவிடும். கோட்டுக்கு ஒரு மயிரிழை வெளியே, சுவர்ப் பக்கமாக அறுத்து, மீதியை இழைப்புளியாலோ உப்புத்தாளாலோ சீவுங்கள். பின்பக்க விளிம்பைச் சற்றுச் சரிவாகச் சீவி, பட்டையை இடைவெளிக்குள் நுழைத்தால் முன்விளிம்பு சுவரோடு இறுகி உட்காரும். இந்த ஒரு வேலையைச் சொல்லிக்கொடுப்பதில் எனக்கு அலுப்பே வந்ததில்லை. கடைத் தச்சு போலவா, கைத்தச்சு போலவா என்பது இங்கேதான் தெரியும்.

பிறகும் தெரியும் நூலளவு சந்துக்கு அக்ரிலிக் சீலன்ட் போதும். சிலிக்கான் வேண்டாம், அதன்மேல் பெயின்ட் பிடிக்காது. அதைத் தண்ணீர் படும் தொட்டி ஓரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மாஸ்கிங் டேப்பை உரித்தபோது பெயின்டும் சேர்ந்து கிழிந்து வந்தது. எப்போது உரிக்க வேண்டும்?

பதில்: கடைசிப் பூச்சு முழுதாகக் காய்வதற்குள், தம்பி. டேப்பை அதன்மேலேயே மடக்கி, சாய்வாக, மெதுவாக இழுங்கள். காய்ந்துபோயிருந்தால் கூரிய கத்தியால் ஓரத்தைக் கீறிவிட்டு உரியுங்கள். கோட்டுக்கு அடியில் நிறம் கசிவதையும் தடுக்க வழி உண்டு: டேப் ஒட்டியவுடன் அதன் விளிம்பின் மேல், டேப்புக்கு அடியில் இருக்கும் நிறத்தையே முதலில் ஒரு கை தீட்டிக் காயவிடுங்கள். கசிந்தாலும் அந்த நிறமே கசியும், விளிம்பும் அடைபட்டுவிடும். புது நிறத்தை அதற்குப் பிறகு பூசுங்கள்.

கேள்வி: கதவுகளுக்குப் பெயின்ட் அடித்து, தொட்டால் ஒட்டாத நிலையில்தான் மாட்டினேன். மறுநாள் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு பெயின்ட் பிய்ந்துவிட்டது. மட்டமான பெயின்டா?

பதில்: பெயின்டைக் குறை சொல்லாதீர்கள். தண்ணீர் கலந்த பெயின்ட் சில மணி நேரத்தில் தொடுவதற்குக் காய்ந்துவிடும்; உள்ளே கெட்டிப்பட இரண்டிலிருந்து நான்கு வாரம்கூட ஆகும். அதுவரை கதவுகளைச் சற்றுத் திறந்தே வையுங்கள். பிய்ந்த இடத்தை 220 எண் உப்புத்தாளால் மழமழவெனத் தேய்த்து, பிரைமர் வைத்து, கதவு முழுவதும் ஒரு பூச்சு கொடுங்கள். பிய்ந்த இடத்தில் மட்டும் தீட்டினால் திட்டாகத் தெரியும்.

கேள்வி: ஜோடிக் கதவுகளில் ஒன்று எப்போதும் இறங்கியே நிற்கிறது. கீலைத் திருகித் திருகிச் சலித்துவிட்டேன்.

பதில்: கதவை மூடினால் வெளியே தெரியாத உள்ளடங்கிய கீல்களில் பெரும்பாலும் மூன்று விதமாகத் திருத்தலாம்: பக்கவாட்டில், முன்னும் பின்னும், மேலும் கீழும். முதலில் உயரத்தைச் சரிசெய்யுங்கள். பிறகு இரு கதவுகளுக்கும் நடுவே மேலும் கீழும் ஒரே சீராக மூன்று மில்லிமீட்டர் விடுங்கள். அதற்கும் படியவில்லை என்றால் கீலை விட்டுவிட்டு, அலமாரிப் பெட்டியின் எதிரெதிர் மூலைகளை அளந்து பாருங்கள். முகப்பின் குறுக்கே எதிரெதிர் மூலைகளுக்கு இரண்டு நூல் கட்டியும் பாருங்கள். அளவு மாறினாலோ, நூல்கள் நடுவில் ஒன்றையொன்று தொடாமல் விலகி நின்றாலோ, மேடுபள்ளச் சுவரோடு சேர்த்து இறுக்கியதில் பெட்டியே கோணியோ முறுக்கியோ நிற்கிறது. சுவர்த் திருகாணிகளைத் தளர்த்தி, பள்ளமான இடத்தில் மெல்லிய ஆப்பு செருகி, மறுபடி இறுக்குங்கள். பாதிக் கோணல் அப்போதே போய்விடும். மீதிக்குக் கீல் போதும்.