கீழே கார் பார்க்கிங், மேலே நான்கு மாடி: நிலநடுக்கம் வந்தால் தாங்குமா?

வேளச்சேரியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "1998ல் கட்டிய நான்கு மாடிக் குடியிருப்பு எங்களுடையது. தரைத்தளம் முழுக்க கார் பார்க்கிங். மியான்மர் நிலநடுக்கச் செய்திகளைப் பார்த்ததிலிருந்து தூக்கம் இல்லை. எங்கள் கட்டடம் தாங்குமா?"

நீங்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. சென்னையை நிலநடுக்க அபாயத்தில் இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றுக்கு உயர்த்தியது 2002ல். உங்கள் கட்டடம் அதற்கு முந்தையது. 2001 ஜனவரி 26 அன்று புஜ் பக்கம் பூமி குலுங்கியபோது, 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த அகமதாபாத்தில் சரிந்த அடுக்குமாடிகளில் பல, கீழே பார்க்கிங் விட்டுக் கட்டியவைதான். மேல் மாடிகளில் செங்கல் சுவர்கள் தூண்களை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கீழே சுவர் இல்லை. மொத்த ஆட்டத்தையும் அந்தத் தூண்கள் மட்டுமே தாங்க வேண்டும். அதோடு வேளச்சேரிப் பக்கம் பல இடங்களில் களிமண். இளகிய மண் அதிர்வைப் பெரிதாக்கும். 2025 மார்ச்சில் வந்த அந்த மியான்மர் நிலநடுக்கத்தில் ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் தாண்டி பாங்காக் ஆடியதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, என்ன செய்வது? ஒரு டார்ச்சோடு பார்க்கிங்குக்குப் போங்கள். ஒவ்வொரு தூணின் அடியையும் தலையையும் பாருங்கள். கம்பி போகும் வாக்கில் நெடுக்கு விரிசல், துருக்கறை, பூச்சு உப்பியிருப்பது, தட்டினால் 'டொக்' என்று பொள்ளல் சத்தம், இவை எதுவும் நல்லதில்லை. பெயின்ட் அடிக்கும் முன் மேஸ்திரியை விட்டுப் பூசி மறைத்துவிடாதீர்கள், தயவுசெய்து. அப்படிப் பூசிய ஒரு தூணை உடைத்துப் பார்த்தேன்: நெடுக்குக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் கம்பி துருவில் ஈர்க்குச்சி போல மெலிந்திருந்தது. அதன் முனையில் உள்ள கொக்கியும் உள்ளே 135 டிகிரி மடங்காமல் வெறும் எல் வடிவத்தில் நின்றது. ஆட்டத்தில் அந்தக் கொக்கி விரிந்துவிடும். அப்புறம் உள்ளே இருக்கும் கான்கிரீட்டைப் பிடித்துவைக்க எதுவும் இருக்காது.

சங்கக் கூட்டத்தில் பேசி, கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை அழையுங்கள். பழைய வரைபடம் இருந்தால் எடுத்துவையுங்கள். தூண்களைச் சுற்றிப் புதுக் கம்பி கட்டி கான்கிரீட் போடலாம், ஜாக்கெட்டிங் என்பார்கள். சில தூண்களுக்கு இடையே முழு உயரச் சுவரும் எழுப்பலாம். நீங்களாக ஒரு பக்கம் மட்டும் சுவர் வைத்தால் கட்டடம் முறுக்கிக்கொள்ளும். அரை உயரச் சுவர் வைத்தால், ஆட்டத்தில் அந்தச் சுவருக்கு மேலே நிற்கும் தூண் பகுதி முறிந்துவிடும். மொட்டை மாடியில் புதிதாக 1,000 லிட்டர் தொட்டி வைப்பதும் ஒரு டன் பாரம்தான், பொறியாளரைக் கேட்காமல் வேண்டாம்.

இடையில் ஆட்டம் வந்துவிட்டால் படியிறங்கி பார்க்கிங்குக்கு ஓடாதீர்கள். உறுதியான மேசைக்கு அடியில் தலையை மூடிக்கொண்டு, ஆட்டம் நிற்கும்வரை அதன் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள்.