வாசகர் கேள்வி பதில்: ஒரே கூரை, பல அடுப்பு

கேள்வி (காரைக்குடி வாசகி): பொங்கலுக்கு எல்லாப் புள்ளியும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும், ஊருக்கு வந்திருந்தபோது எங்கள் செட்டிநாட்டு வீட்டின் நடு முற்றமான வளவில் உட்கார்ந்து பழைய 'எதிர்நீச்சல்' படம் பார்த்தோம். கறுப்பு வெள்ளையா என்று முகம் சுளித்த பிள்ளைகள் அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எங்கள் ஐயா மட்டும், "இதுல கதை எங்க இருக்கு, குடித்தனக்காரங்க சண்டைதானே" என்கிறார். என்ன சொல்லட்டும்?

பதில்: அவரை 'வேறு வைத்த', அதாவது தனிச் சமையல் வைத்த கதையைக் கேளுங்கள் ஆச்சி. கல்யாணமானதும் அரிசி, பருப்பு, பாத்திரம் எல்லாம் கொடுத்து அதே வீட்டிலேயே தனி அடுப்பு மூட்ட வைத்திருப்பார்களே, அன்றிலிருந்து எந்த அடுப்பில் என்ன கொதிக்கிறது என்பதுதானே வளவுக்கே செய்தி! 1968-இல் பாலசந்தர் எடுத்ததும் அதைத்தான், சொந்தபந்தத்துக்குப் பதிலாக வாடகைக் குடித்தனங்கள், அவ்வளவுதான். மாடிப்படிக்குக் கீழே படுத்துக்கிடக்கிற அநாதைப் பையன் மாது, ஒவ்வொரு வீட்டுக்கும் எடுபிடி வேலை பார்த்து, மிச்சம் மீதியைச் சாப்பிட்டுக்கொண்டே காலேஜ் படிக்கிறான். அவன் தட்டில் எல்லா அடுப்புச் சோறும் விழுகிறது, அதோடு எல்லா வீட்டு விஷயமும் அவன் வழியாக நம்மிடம் வந்து சேருகிறது. கதை அங்கேதான் இருக்கிறது. மாதுவாக நடித்த நாகேஷும் சிரிப்பைத் தனக்கென்றே வைத்துக்கொள்ளவில்லை. ஸ்ரீகாந்தும் சௌகார் ஜானகியும் கிட்டு மாமா, பட்டு மாமியாக வந்து, அடுத்த வீட்டு அம்புஜத்தை வைத்து வாலி எழுதிய பாட்டில் தங்கள் பங்கை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தவர் இருமல் தாத்தா. முகத்தையே காட்டமாட்டார்கள், இருமல் மட்டும்தான். ஆனாலும் அவரும் ஒரு குடித்தனம்!

கேள்வி (தேவகோட்டை வாசகர்): இப்படி ஒரு படத்தை நம் செட்டிநாட்டு வீட்டில் எடுத்தால் எப்படி இருக்கும்?

பதில்: ஏ.வி. மெய்யப்பன் 1947-இல் வெளியிட்ட 'நாம் இருவர்' படத்தையே காரைக்குடியில்தானே எடுத்தார், ஊருக்கு சினிமா புதிதில்லை. ஆனால் இப்போது கானாடுகாத்தானின் பெரிய செட்டிநாட்டு வீடுகளுக்குக் கேமராவோடு வருகிறவர்கள் ஒரு ஜமீன்தாரை முகப்பில் உட்காரவைத்து மீசையை முறுக்கவிட்டுப் போய்விடுகிறார்கள். வருஷம் முழுக்கப் பூட்டிக்கிடக்கும் வீட்டுக்கு, ஒரு கல்யாணத்துக்காகச் சென்னையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் பங்காளிகள் வந்து இறங்கி, சாவி யாரிடம், வெள்ளையடித்த காசை யார் தருவது என்று பட்டாலைக் கூடத்தில் பேச ஆரம்பித்தால் போதும், இடைவேளை வரைக்கும் தாங்கும். யாராவது எடுங்களேன்.

கேள்வி (கோட்டையூர் வாசகர்): 'எதிர்நீச்சல்' படத்தைச் செல்போனில் தனியாகப் பார்த்தேன், அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை. பிற்பாதி ஒரே அழுகை வேறு.

பதில்: அழுகை கொஞ்சம் ஜாஸ்திதான், மறுக்கவில்லை. சிரிப்பு விஷயம் வேறு. மேடை நாடகமாக இருந்து படமானது அது, நிறைந்த சபைக்கு எழுதிய வசனம். தனியாகப் பார்த்தால் இழுவை மாதிரிதான் தெரியும். நாலு பேரைக் கூட்டிவைத்துப் பெரிய டி.வி.யில் போடுங்கள், அதில் ஒருத்தராவது சத்தம்போட்டுச் சிரிக்கிறவராக இருக்கட்டும்.