ஸ்பின்ட்ரானிக்ஸ் என்கிறார்களே, அது என்ன?

எலெக்ட்ரானுக்கு மின்னூட்டம் மட்டுமல்ல, ஸ்பின் என்ற குணமும் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். அளந்தால் முனை மேலே அல்லது கீழே, இரண்டில் ஒன்றுதான். இந்தத் திசையையும் வேலை வாங்குவதுதான் ஸ்பின்ட்ரானிக்ஸ். செம்புக் கம்பியில் இரு வகையும் சரிபாதி ஓடுவதால் வித்தியாசம் தெரியாது. இரும்பு, கோபால்ட் போன்றவற்றில் ஒரு வகை எளிதாக நழுவிப்போகும், மற்றது முட்டிமோதும்.

எங்கள் தோவாளை பூச்சந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். பாதிப் பேருக்கு வலது தோளில் பூக்கூடை, மீதிப் பேருக்கு இடது தோளில். அடுத்தடுத்து இரண்டு குறுகிய வாசல்கள். இரண்டிலும் இடப்பக்கம் தூண் துருத்திக்கொண்டிருந்தால் வலத்தோள்காரர்கள் சர்ரென்று போய்விடுவார்கள். இரண்டாவதில் மட்டும் தூணை வலப்பக்கம் மாற்றுங்கள்: எல்லாருமே எங்காவது இடிபடுவார்கள், பிச்சிப்பூ தரையில் சிந்தும். கூடைக்காரர்கள் எலெக்ட்ரான்கள், வாசல்கள் அவை கடக்கும் மெல்லிய காந்தப் படலங்கள். இரு படலங்களின் காந்தத் திசையும் ஒன்றாக இருந்தால் மின்தடை குறைவு, எதிரெதிரானால் அதிகம் என்பது இதேதான். படலங்கள் சில நானோமீட்டர் தடிமன்தான் இருக்க வேண்டும். தூரம் கூடினால் மோதி மோதி எலெக்ட்ரான் தன் திசையை மறந்துவிடும்.

இயற்பியலாளர்கள் ஆல்பெர்ட் ஃபெர்ட்டும் பீட்டர் குருன்பெர்க்கும் 1988இல் தனித்தனியே இதைக் கண்டார்கள். 2007இல் நோபல் கிடைத்தது. 1997 முதல் ஹார்ட் டிஸ்க்கைப் படிக்கும் முனையில் இந்த உத்தி வந்தது. அப்புறம் எம்ரேம் (MRAM) என்ற கணினி நினைவகம்: பதிவு காந்தத் திசையாக இருப்பதால் கரன்ட் போனாலும் (மழைக்காலத்தில் நமக்குப் பழக்கம்தானே) அழியாது.

பெயரைப் பார்த்து எலெக்ட்ரான் பம்பரம் போலச் சுற்றுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி எதுவும் சுற்றவில்லை, அது அதன் பிறவிக் குணம்.