பொம்மைல இருந்த பட்டன் பேட்டரிய குழந்தை முழுங்கிடுச்சு, கடைக்காரர் மேல கேஸ் போடலாமா?

கேள்வி: என் பையனுக்கு ஒன்றரை வயசு. அவன் தாத்தா ஃபேன்சி ஸ்டோர்ல 250 ரூபாய்க்கு லைட் எரியுற பொம்மை வாங்கிக் குடுத்தார். ரெண்டாவது நாளே மூடி கழண்டு உள்ள இருந்த வட்ட பேட்டரிய முழுங்கிட்டான். எண்டோஸ்கோப்பி பண்ணி எடுத்தாங்க, உணவுக்குழாய்ல புண்ணு, செலவு ஒன்றரை லட்சத்த தாண்டிடுச்சு. கடைக்காரர் "பிள்ளைய பாத்துக்க வேண்டியது நீங்கதான், 5,000 தரேன், எழுதிக் குடுத்துடுங்க"ன்னு சொல்றார். பில் இல்ல, ஜிபேல கட்டினது. பொம்மைல கம்பெனி பேரும் இல்ல. கேஸ் நிக்குமா?

பதில்: நிக்கும் சகோதரி. ஆனா அந்த 5,000த்த வாங்கிட்டு எதுலயும் கையெழுத்து போட்டுடாதீங்க. இந்த பேட்டரி காசு மாதிரி சும்மா தொண்டைல கிடக்காது, ஈரம் பட்டதுமே அதுல கரண்ட் ஓடி காஸ்டிக் சோடா மாதிரி கடுமையான காரம் உண்டாகி ரெண்டு மணி நேரத்துலயே சதைய அரிச்சுடும், வெளிய எடுத்த பிறகும் புண்ணு ஆழமாகலாம், சில வாரம் கழிச்சு உணவுக்குழாய் சுருங்கலாம். இன்னும் என்னென்ன செலவு வரும்னு டாக்டரே உறுதியா சொல்ல முடியாத நேரத்துல "முழுசா பெற்றுக்கொண்டேன்"னு எழுதிக் குடுத்தா பின்னாடி ரொம்ப கஷ்டப்படுவீங்க. (இத படிக்கிற மத்தவங்களுக்கும் சொல்றேன், முழுங்கியிருக்கும்னு சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காம நேரா எக்ஸ்ரே இருக்கிற ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.)

2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டத்துல ப்ராடக்ட் லயபிலிட்டின்னு, அதாவது வித்த பொருளால பாதிப்பு வந்தா யார் பொறுப்புன்னு, தனி அத்தியாயமே இருக்கு. டிசைன்ல குறை இருந்தாலோ சரியான எச்சரிக்கை போடாம இருந்தாலோ தயாரிச்சவர் பொறுப்புன்னு 84வது பிரிவு சொல்லுது. உங்களுக்கு முக்கியம் 86வது பிரிவு, தயாரிச்சவர் யாருன்னே தெரியலன்னா வித்தவர்தான் பதில் சொல்லணும். அதனால கம்பெனி பேர் இல்லாதது உங்களுக்கு பலவீனம் இல்ல, கடைக்காரருக்குத்தான் சிக்கல். அதோட 2021 ஜனவரி 1ல இருந்து 14 வயசுக்குள்ள இருக்கிற பிள்ளைங்க விளையாடுற பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், அது இருக்கான்னு பாருங்க, இல்லன்னா விக்கவே கூடாத பொருள வித்திருக்கார்.

"பேட்டரி ஆபத்துன்னு எல்லாருக்கும் தெரியும், நீங்க கவனிக்கல"ன்னு அவங்க வக்கீல் கண்டிப்பா வாதாடுவார், 87வது பிரிவுல எல்லாருக்கும் தெரிஞ்ச ஆபத்த பத்தி எச்சரிக்க வேண்டியதில்லன்னு ஒரு வரியும் இருக்கு. ஆனா அது எச்சரிக்கை சம்பந்தப்பட்டது, உங்க கேஸ் மூடிய பத்தினது. குழந்தை விளையாடத்தான் பொம்மை, விளையாடும்போதே கைக்கு கழண்டு வர்ற மூடிய வச்சு வித்துட்டு அம்மாவ குத்தம் சொல்றது எனக்கு நியாயமாவே படல.

அந்த பொம்மை எங்க இருக்கு இப்போ? கோபத்துல தூக்கிப் போட்டுடாதீங்க, மூடிய ஒட்டிப் பாக்காதீங்க, இருக்கிறபடியே கவர்ல போட்டு வைங்க, கேஸே அதுலதான் இருக்கு. எடுத்த பேட்டரி, எக்ஸ்ரே, எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட் எல்லாத்தையும் ஆஸ்பத்திரில எழுதிக் கேளுங்க, கேட்ட 72 மணி நேரத்துல டாக்டர் ரெக்கார்ட்ஸ் தரணும். தாத்தா போன்ல ஜிபே ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கங்க, முடிஞ்சா வேற யாரையாவது அனுப்பி அதே பொம்மை ஒண்ண பில்லோட வாங்கி வைங்க.

வாங்கினது தாத்தாவா இருந்தாலும் பையனுக்காக நீங்க மனு போடலாம், உங்க ஊர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துலயே போடலாம், வக்கீல் கட்டாயம் இல்ல. எந்த ஆணையம், எவ்வளவு ஃபீஸ்ங்கறது பொருளுக்கு குடுத்த விலைய வச்சுத்தான், கேக்குற நஷ்ட ஈட்ட வச்சு இல்ல, அதனால 10 லட்சம் கேட்டாலும் 250 ரூபாய் பொம்மைக்கு ஃபீஸ் கிடையாது. ஆஸ்பத்திரி செலவு, இனி வரப்போற செலவு, பையனும் நீங்களும் பட்ட வேதனை எல்லாத்தையும் தனித்தனியா எழுதிக் கேளுங்க. சம்பவம் நடந்ததுல இருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், அதுக்கு முன்னாடி கடைக்காரருக்கு ஒரு நோட்டீஸ் ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பி ரசீத பத்திரமா வச்சுக்கங்க.