காரணமே இல்லாம 'நம்மாளு, அவங்காளு'ன்னு ஏன் பிரியறோம்?

பழைய பகை, முகப்பழக்கம் எதுவும் இல்லாம வெறும் பேருக்கு இருக்கற குரூப்ப சைக்காலஜில குறைந்தபட்சக் குழுன்னு சொல்வாங்க. 1970 வாக்குல இங்கிலாந்து பிரிஸ்டல்ல ஹென்றி தாஜ்ஃபெல்ங்கற சைக்காலஜிஸ்ட் (போலந்து யூதர், ரெண்டாம் உலகப்போர்ல குடும்பத்தப் பறிகொடுத்தவர், இந்தக் கேள்வி அவர விடவே இல்ல) 14, 15 வயசு ஸ்கூல் பசங்ககிட்ட க்ளே, காண்டின்ஸ்கின்னு ரெண்டு ஓவியர்களோட படங்களக் காட்டி எது பிடிக்குதுன்னு கேட்டு, நீ க்ளே குரூப், நீ காண்டின்ஸ்கி குரூப்னு பிரிச்சாரு, நெஜத்துல பிரிச்சது குத்துமதிப்பாத்தான். அப்புறம் மத்தவங்களுக்குக் காசு ஒதுக்கச் சொன்னா, யாருன்னே தெரியாது, தனக்கு அதுல பைசா வராது, அப்பவும் தன் குரூப்புக்குத்தான் கூட. நம்மாளுக்கு மொத்தத்துல கொறஞ்சாலும் சரி, அவன விட ஜாஸ்தி இருக்கணும்னு போட்டவங்களும் இருந்தாங்க! ஏன்னா, நாம யாருங்கறதுல ஒரு பங்கு குரூப்ல இருந்து வருது, அது ஒசந்தா நாமளும் ஒசந்த மாதிரி.

அன்ரிசர்வ்டு பெட்டில பாத்திருப்பீங்க, 'கொஞ்சம் தள்ளுங்க சார்'னு கெஞ்சி ஏறினவரே அடுத்த ஸ்டேஷன்ல கதவ மறிச்சுகிட்டு 'இடமே இல்ல'ம்பாரு.

அடுத்தவன் மேல வெறுப்பு இருந்தாத்தான் கோஷ்டி உருவாகும்னு பலர் நெனைக்கறாங்க, ஆனா அந்தப் பசங்களுக்கு அடுத்த குரூப் மேல துளி கோவம் வர்றதுக்குக்கூட ஒரு காரணமும் இல்ல.